பெங்களூர் மேடம்

அத்தியாயம் 11

"அந்தப் பிள்ள சாப்பிட்டாச்சான்னு கேளு."

காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே சுடலைமணி மனைவியிடம் கேட்டார். அந்தப் பிள்ளை அவருக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், தட்டும் இட்லியுமாக உட்கார்ந்திருந்தது.

"தின்னுக்கிட்டுதான இருக்கா. ஒங்களுக்குக் கண்ணு தெரியலயா?" என்றாள் பேச்சித்தாய்.

"தெரிஞ்சு எனக்கு என்ன ஆவப்போவுது?"

தச்சநல்லூரில் அந்த வீட்டில் ஐந்து நாளாக இப்படித்தான் பேச்சு நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை மகள் இசக்கிச்செல்வி வங்கித் தேர்வு ஹால் டிக்கெட்டை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். "மூணாவது தடவையும் போய் உக்கார முடியாது" என்றாள். "சரி, வேற என்ன செய்யப்போற?" என்று கேட்டார் சுடலைமணி. அவள் உதட்டைப் பிதுக்கினாள். முப்பது வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிற மனிதர். போகிற ஊர் எதுவென்று பலகை மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவர் அறிந்த ஒரே தத்துவம். அன்றிலிருந்து மகளோடு நேரடிப் பேச்சு கிடையாது.

"உவரி வண்டிக்கு நேரமாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

செல்விக்கு வயது இருபத்தைந்து. இத்தனை காலத்தில் அவளுக்கு உருப்படியாகக் கைவந்த வித்தை அடுத்தவரை இளக்காரமாகப் பார்ப்பது ஒன்றுதான். நூலகத்தில் உட்கார்ந்து அரசு வேலைக்குப் படிக்கும் தோழிகள் அவளுக்குக் கிளிப்பிள்ளைகள். சென்னையில் ஏழு மாதம் கூடவே வேலை பார்த்தவர்கள், ஹெட்போன் மாட்டிய அடிமைகள். கல்யாணம் முடித்துப் போனவர்கள் பற்றிப் பேசவே வேண்டாம். அப்பாவைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தினமும் ஒரே சாலையில் போய் ஒரே சாலையில் திரும்பி வருகிறவர் தனக்குத் திசை சொல்ல வந்துவிட்டார் என்று நினைப்பாள்.

இந்த வரிசையில் ஆகக் கடைசியில் நின்றவள் அக்கா முத்துராணி. புருஷன் எள் என்றால் எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடுகிறவள். அந்தப் புருஷன் மகேஸ்வரனைச் செல்வி மனுஷ ஜாதியிலேயே சேர்க்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், செல்வி பிளஸ் டூ முடித்த சமயம், ஒரு பொறியியல் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் தரகனாக, விண்ணப்பத்தோடு இந்த வீட்டுப் படியேறி வந்தவன் அவன். பொட்டல்காட்டில் நின்ற அந்தக் கல்லூரி செல்விக்கு ஒரு டிகிரியும் முத்துராணிக்கு ஒரு புருஷனையும் கொடுத்தது. இரண்டுமே வெளியே காட்டிப் பெருமைப்படும்படி இல்லை.

இட்லி தொண்டைக்குள் இறங்குவதற்குள் போன் அடித்தது. முத்துராணிதான்.

"ஏட்டி செல்வி, மண்டபத்துக்குக் கொஞ்சம் வாயேன். பந்தி பரிமாற ஆள் வரல. அவிய என்னையப் போட்டு ஏசுதாவ."

"ஏசுனா வாங்கிக்கோ. ஒனக்குப் பழக்கந்தான?"

"வாயேம்ட்டி."

வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் பெருமூச்சைக் கேட்பதற்கு அது தேவலை. செல்வி போனாள்.

*

மண்டப வாசலில் மகேஸ்வரன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். ஃப்ளெக்ஸில். 'திசைகாட்டி கல்வி மையம் நடத்தும் மாபெரும் இலவச வழிகாட்டும் முகாம்.' பொறியியலை மூன்றாம் வருஷத்தில் பதினேழு பாடம் பாக்கியோடு விட்டுவிட்டு வந்தவன் ஊருக்கே திசை காட்டுகிறான். செல்விக்கு அந்தப் படத்தின் பல்லில் மையைப் பூசலாம் போலிருந்தது.

உள்ளே நிஜ மகேஸ்வரன் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்து நின்றான். இருநூறு பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரும் நாற்காலிகளில் நெளிந்துகொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்து பேச வேண்டிய மேடம் போனை அணைத்து வைத்துவிட்டாளாம்.

அவன் பார்வை செல்வியின் மேல் விழுந்து அங்கேயே நின்றது.

"செல்வி, நீ பேசிரு."

"நானா? நான் என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது பேசு. பெங்களூர்ல பெரிய கம்பெனியில வேலை பாக்கேன்னு சொல்லு. எவன் போய்ப் பாக்கப்போறான்?"

அவன் கண்ணைக் காட்ட, முத்துராணி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தங்கையின் கையில் மாட்டினாள். 'மாட்டச் சொன்னால் மாட்டும், கழற்றச் சொன்னால் கழற்றும்' என்று செல்வி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இவன் இத்தனை வருஷமாகப் பெரிய வித்தை போல் செய்யும் காரியம் எவ்வளவு அற்பமானது என்று காட்டிவிட வேண்டும். அந்த ஒரு வீம்பில்தான் அவள் மேடை ஏறினாள்.

முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. மூன்றாவதில் ஒரு சிறுவன் சிரித்தான். அவ்வளவுதான், பிடி கிடைத்துவிட்டது.

"நீங்க ஊருக்குள்ள நடந்து போனா நாலு பேரு கேப்பாங்க, என்ன படிக்கப்போறன்னு. நீங்க என்ன சொன்னாலும் மூஞ்சியச் சுளிப்பாங்க. அந்த நாலு பேரும் என்ன படிச்சிருக்காங்கன்னு நீங்க என்னைக்காவது திருப்பிக் கேட்டிருக்கீங்களா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. செல்வி யாரையெல்லாம் இத்தனை நாள் உள்ளுக்குள் கரித்துக் கொட்டினாளோ அவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மேடைக்கு இழுத்து வந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அவள் பெங்களூருக்குப் போனாள். பன்னிரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஏரி. பக்கத்து மேஜையில் ஒரு ஜெர்மன்காரர். "இதே தச்சநல்லூர்ப் பிள்ளைதான் நான். இதே மாதிரி ஒரு கல்லூரிதான் எனக்குப் பாதை போட்டுச்சு."

பொய் அவ்வளவு சுகமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அரை மணி நேரம் பேசினாள். இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இருநூறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விண்ணப்பம் வாங்கும் மேஜையில் கூட்டம் முண்டியது. அதை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நேராக அவளிடம் வந்தாள். கறுத்து, ஒல்லியாக, நெற்றியில் பொட்டில்லாமல், கழுத்தில் சின்னச் சிலுவையோடு. பின்னாலேயே அவள் அம்மா.

"மேடம், என் பேரு ஸ்டெபி. உவரியில இருந்து வாரோம். எனக்குக் கவர்மெண்டு காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு கெடச்சிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள சேரணும். இன்னைக்குத்தான் கடைசி. இங்கன பாத்துட்டு அங்கன போலாம்னு வந்தோம். நான் எதுல சேர மேடம்? நீங்க சொல்லுங்க."

மகேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்று புன்னகைத்தான். "இந்தப் பிள்ளைக்கு நம்ம காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸே வாங்கித் தரலாம்."

செல்வியின் காதில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த மதிப்பெண் பட்டியலை அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்கு படிச்சு என்ன செய்வ?" என்றாள், உதட்டைச் சுழித்து. "உவரியில உக்காந்து சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்ப."

ஸ்டெபியின் முகம் சுருங்கியது. பிறகு அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைலை வாங்கினாள். அசல் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், எல்லாம் அதற்குள் இருந்தன. அதை அப்படியே மகேஸ்வரனிடம் நீட்டினாள்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. மகேஸ்வரன் மணமகள் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். வாங்கிய பைல்களை முத்துராணி இரும்பு பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, நீ இதுக்குன்னே பொறந்தவ பாத்துக்கோ! இனி எல்லா முகாமுக்கும் நீதான் பெங்களூர் மேடம். சங்கரன்கோவில், தென்காசி, தூத்துக்குடி, ஒண்ணு விடக் கூடாது."

இந்த மூன்று வருஷத்தில் 'நீ இதுக்குன்னே பொறந்தவ' என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. அற்பப் பயல் வாயிலிருந்து வந்தாலும் அது இனித்தது. இனித்ததை அவளால் மறுக்க முடியவில்லை.

"அந்த உவரிப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எந்த செக்‌ஷன்ல அத்தான்?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டராவது? அது எப்பமோ நெறஞ்சு போச்சு. சிவில்ல தள்ளிவிடுவோம். அங்கதான் ஆளே இல்லாம ஈ ஓட்டுதானுவ."

"அவகிட்ட நீங்க கம்ப்யூட்டர்னு சொன்னீங்களே?"

"காலேஜ் தெறந்து ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கிடுவா. தெரிஞ்சு எங்க போவா? ஒரிஜினல் பூரா நம்மகிட்டல்லா இருக்கு." மீதிப் பாயசத்தை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, யாரையோ வழியனுப்ப எழுந்து போனான்.

செல்வி பீரோவில் மேலாக இருந்த ஸ்டெபியின் பைலைத் திறந்தாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. தன்னுடைய சொந்த மதிப்பெண் அவளுக்கு நினைவிருந்தது, அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றுதான் தொண்ணூற்றெட்டைப் பார்த்து 'டியூஷன் எடுப்ப' என்று உதட்டைச் சுழித்திருக்கிறது. அற்பமான வேலை என்று காட்ட மேடை ஏறியவள், அந்த வேலையை அவனைவிட அற்பமாகச் செய்து முடித்திருந்தாள்.

மணி இரண்டரை. அம்மாவும் மகளும் இந்நேரம் உவரி பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள்.

"இத நான் எடுத்துக்கிடுதேன்க்கா."

முத்துராணி திரும்பினாள். "ஏ மூதி, வை அத. எண்ணிக்கை கொறஞ்சா அவிய என்னையக் கொன்னுருவாவ."

"நான் பேசினதக் கேட்டுத்தான கொடுத்தா? நாசமாப் போயிருவாக்கா."

"இப்பந்தான் தெரியுதோ ஒனக்கு?" முத்துராணியின் குரல் உயரவே இல்லை. "நீ ஒரு நாள் பேசிட்டு ஒப்பாரி வைக்க. நான் ஆறு வருசமா இப்படி பீரோவத் தெறந்து தெறந்து பூட்டுதேன். எத்தன பிள்ளைய அழுதுக்கிட்டு வந்து ஒரிஜினலக் கேட்டிருக்குன்னு தெரியுமா? தண்ணி கொடுத்து அனுப்பி வச்சிருக்கேன். தண்ணி."

செல்வி பைலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முத்துராணி பீரோவைப் பூட்டவில்லை. "நான் கை கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்க்காமல் வெளியே போனாள்.

*

ஆட்டோ புதிய பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது உவரி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. செல்வி முன்படி வழியாகத் தாவி ஏறினாள். ஏறிய பிறகுதான் ஓட்டுநர் இருக்கையில் யார் என்பது உறைத்தது.

சுடலைமணி கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் ஸ்டெபியும் அவள் அம்மா மிக்கேலம்மாளும் இருந்தார்கள்.

"ஸ்டெபி, எறங்கு. இன்னும் நேரம் இருக்கு. கவர்மெண்டு காலேஜ்ல போய்ச் சேந்துரு. இந்தா ஒன் பைல்."

"எதுக்கு மேடம்?"

"நான் மேடம் இல்ல. பெங்களூர்ல எனக்கு வேலை இல்ல. எங்கயுமே இல்ல. மேடையில சொன்னது பூரா பொய்."

ஸ்டெபியின் உதடு கோணியது.

"எனக்கு வெளங்குது மேடம். நீங்க மட்டும் பன்னெண்டாவது மாடியில உக்காந்து ஏரி பாக்கணும். நாங்க உவரியிலயே டியூஷன் எடுத்துக்கிட்டுக் கெடக்கணும். என் மார்க்கப் பாத்துட்டு வந்துட்டீங்க, என்ன?"

"ஐயோ, அது இல்ல பிள்ள—"

"காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சா?" மிக்கேலம்மாள் எழுந்துவிட்டாள். உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் கூவிப் பழகிய குரல். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எம் பிள்ள பைலு ஒன் கைக்கு எப்படி வந்துச்சு? திருடுனியா? வேலை இல்லாதவ இப்படித்தான் கைக்கடியாரமும் ஜாலக்குமா நிப்பாளா? அண்ணாச்சி! டிரைவரு அண்ணாச்சி! இவளக் கொஞ்சம் எறக்கி விடுங்க!"

செல்விக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் முட்டியது. காலையில் ஒரு பொய்யை இருநூறு பேர் நம்பினார்கள். இப்போது உண்மையை நம்ப ஒரு ஜீவன் இல்லை.

இன்ஜின் சத்தம் நின்றது.

சுடலைமணி இருக்கையை விட்டு எழுந்து திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை. மிக்கேலம்மாளைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவ சொல்லுதது நெசந்தாம்மா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம் மவ." பின்சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இருபத்தஞ்சு வயசாச்சு. மூணு வருசமா வீட்டுலதான் கெடக்கா. வேலை வெட்டி ஒண்ணும் கெடையாது. பெங்களூர் கெழக்க இருக்கா மேக்க இருக்கான்னுகூட இவளுக்குத் தெரியாது. இவ பேச்சக் கேட்டுட்டா நீங்க பிள்ளையோட படிப்ப முடிவு பண்ணுனீங்க?"

அவர் குரலில் ஏளனம் ஒரு சொட்டுக் குறையவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசுவதை இப்போது ஐம்பது பேர் முன்னால் பேசினார். ஒவ்வொரு சொல்லும் செல்வியின் முகத்தில் அறைந்தது. அவள் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளில் அப்பா அவளுக்காகச் சொன்ன சாட்சி இது ஒன்றுதான்.

மிக்கேலம்மாள் அந்த மனிதரின் முகத்தையும் செல்வியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

"ஏ ஸ்டெபி, எறங்குட்டி" என்றாள். "பெத்த தகப்பன் பஸ்ஸு நெறைய ஆளுவள வச்சுக்கிட்டு இப்படிப் பொய் சொல்ல மாட்டான்."

இறங்கும்போது செல்வியின் பக்கத்தில் நின்று, "வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"இருக்கட்டும்."

சுடலைமணி மறுபடி இருக்கையில் உட்கார்ந்தார். கண்டக்டரைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைய ஆட்டோல போவச் சொல்லுங்க. டவுன் பஸ்ஸுல போனா நாலு மணிக்குப் போய்ச் சேராது" என்றார்.

*

மூன்று ஐம்பதுக்கு அவர்கள் கல்லூரி அலுவலகத்தின் முன்னால் இருந்தார்கள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், பைலைப் பார்த்தார், கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்தார். "இவ்வளவு மார்க்க வச்சுக்கிட்டுக் கடைசி நிமிசத்துல வாறியேம்மா" என்று சலித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

செல்வி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். வேலை முடிந்து ஸ்டெபி வெளியே வந்தாள். நேராக அவள் எதிரில் வந்து நின்றாள்.

"கணக்கு படிச்சா நெசமாவே டியூஷன்தான் எடுப்பேனா?"

"தெரியல ஸ்டெபி. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"இதக் காலையில மைக்ல சொல்லியிருக்கலாம்லா?" அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாப் பேசுனீங்க. அதான் கோவங் கோவமா வருது."

அம்மாவும் மகளும் வெயிலில் நடந்து போனார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி எதையும் செல்வி எதிர்பார்க்கவும் இல்லை. இனி வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு அப்பாவின் எதிரில் உட்காருவது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது.

"ஏட்டி, அந்தப் பிள்ள சேந்துட்டாளா?" முத்துராணிக்கு மூச்சு வாங்கியது.

"சேந்துட்டாக்கா. அங்க என்ன ஆச்சு?"

"அவிய எண்ணிட்டாவ. ஒண்ணு கொறையுதுன்னு கண்டுபிடிச்சுட்டாவ. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்னு சொன்னேன்."

"நீ எதுக்குக்கா சொன்ன? எம் மேல பழியப் போட்டிருக்கலாம்லா? அடிச்சாவளா?"

போனில் ஒரு லாரி இரைந்து கடந்து போனது.

"அக்கா, எங்க நிக்க நீ?"

"ஒன்னையப் பிடிக்கணும்னு அவிய கார எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்குப் போயிருக்காவ. நான் மண்டபத்துப் பின்வாசல்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன்." குரல் தாழ்ந்தது. "பீரோவுல இருந்த மிச்ச நாப்பத்தொரு பைலும் ரெண்டு கட்டப்பையில போட்டுக் கையில வச்சிருக்கேன். பாரம் தாங்க முடியல. சீக்கிரம் ஒரு ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வா செல்வி. எங்க போவணும்னு எனக்குத் தெரியாது."